ஷீட்டைக் காப்பி பண்ணினால் டெர்மினலும் காப்பி ஆகும்: எக்ஸ்2:7 இரண்டு இடத்தில் வந்தால் என்ன செய்வது

முதல் பம்ப்பின் ட்ராயிங் முடிந்துவிட்டது, இரண்டாவது பம்ப்புக்கும் கிட்டத்தட்ட அதே சர்க்யூட்தான். யார் உட்கார்ந்து மறுபடி வரைவார்கள்? ஷீட்டைக் காப்பி பண்ணுவோம், மோட்டார் பெயரை மாற்றுவோம், கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) டேகை, அதாவது அடையாளப் பெயரை மாற்றுவோம், டீ குடிக்கப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் பைன்டவுனில் ஒரு எலக்ட்ரிக்கல் கன்ட்ரோல் பேனல் கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக்கு பம்ப் பேனல். கரும்பு அரவை தொடங்குவதற்கு முன்னால் எல்லாம் போய்ச் சேர வேண்டும் என்ற வழக்கமான அவசரம். பேனல் ஒன்றுதான், பம்ப் இரண்டு, கன்ட்ரோல் டெர்மினல் (வயர்களை இணைக்கும் முனை) எல்லாம் எக்ஸ்2 என்ற ஒரே ஸ்ட்ரிப்பில், அதாவது ஒரே வரிசையில். எக்ஸ்2:7 என்றால் அந்த வரிசையில் 7 என்ற நம்பர் உள்ள டெர்மினல். வயரிங் பார்த்தவர் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த பெரியவர், எங்கள் எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். கடையில் எல்லோரிடமும் இங்கிலீஷ், என்னிடம் மட்டும் பாட்டி சொல்லிக் கொடுத்த தமிழ். ஒரு மத்தியானம் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. எக்ஸ்2 ஏழுல ரெண்டு ஷீட்லயும் வயர் காட்டுது. ரெண்டையும் ஒண்ணா போடவா?" அவர் கையில் இரண்டு வயர். ஒன்று நீலம், லெவல் சுவிட்சிலிருந்து பிஎல்சி (பேனலின் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) இன்புட்டுக்குப் போகிற 24 வோல்ட் டிசி. இன்னொன்று சிவப்பு, சோலனாய்டு வால்வுக்கு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) போகிற 230 வோல்ட் ஏசி. வயர் நுனியில் மாட்டும் ஃபெரூல் இரண்டும் நசுக்கி இறுக்கப்பட்டு, ஸ்பிரிங் டெர்மினலின் வாய்க்கு நேரே தயாராக இருந்தன.

அவர் கேட்காமல் போட்டிருந்தால், பவர் கொடுத்த நொடியில் பிஎல்சியின் இன்புட் கார்டு போயிருக்கும். என்ன நடந்தது என்றால், இரண்டாவது பம்ப்புக்கு லெவல் சுவிட்ச் வேண்டாம், அந்த இடத்தில் ஒரு வால்வு வேண்டும் என்று ஆலைக்காரர்கள் சொன்னார்கள். காப்பி பண்ணின ஷீட்டில் சுவிட்சை அழித்துவிட்டு சோலனாய்டை வைத்தேன், வயரை மாற்றினேன். நடுவில் இருந்த டெர்மினலை மட்டும் தொடவில்லை. அது பழைய பெயரோடு, பழைய நம்பரோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. 24 வோல்ட்டையும் 230 வோல்ட்டையும் ஒரே ஸ்ட்ரிப்பில் கலந்ததும் என் தப்புதான், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இனி சொல்வதெல்லாம் ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் என்ற ட்ராயிங் சாஃப்ட்வேரை வைத்து. ஈபிளான் என்ற இன்னொரு சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி

ஒரே டெர்மினல் நம்பர் இரண்டு இடத்தில் வந்தாலே தப்பு என்று நினைத்து உடனே நம்பரை மாற்றப் போகாதீர்கள். சில சமயம் அது சரிதான். இரண்டு தளம் உள்ள டபுள் டெக் டெர்மினல் என்றால் ஒரே பொருள் ட்ராயிங்கில் இரண்டு சின்னமாக வரும். பவர் ஷீட்டில் ஒரு முறையும் ஃபீல்டு வயரிங் ஷீட்டில் ஒரு முறையும் வேண்டுமென்றே காட்டுகிறவர்களும் உண்டு. அதனால் ஒவ்வொரு இரட்டைக்கும் கேட்க வேண்டியது இதுதான்: டின் ரெயிலில் (பேனலுக்குள் டெர்மினல் மாட்டும் உலோகப் பட்டை) மாட்டும்போது இது ஒரு டெர்மினலா, இரண்டு டெர்மினலா? ஒன்று என்றால் சாஃப்ட்வேரிடம் "இவை இரண்டும் ஒன்று" என்று சரியாகச் சொல்ல வேண்டும். இரண்டு என்றால் எல்லா வகையிலும் பிரித்துவிட வேண்டும். பாதி பிரித்துப் பாதி சேர்த்து வைத்திருப்பதுதான் குழப்பம், காப்பி செய்த ஷீட் எப்போதும் அந்த நிலையில்தான் இருக்கும்.

ஏன் என்றால், டெர்மினலின் அடையாளம் அந்த நம்பர் மட்டும் இல்லை. சின்னத்துக்குள் பல அட்ரிபியூட், அதாவது விவரப் புலங்கள் இருக்கின்றன. டேக்ஸ்ட்ரிப் என்பதில் ஸ்ட்ரிப்பின் பெயர், அதாவது எக்ஸ்2. இன்ஸ்ட், லாக் இரண்டிலும் எந்த இன்ஸ்டலேஷன், எந்த லொகேஷன் என்பது. டெர்ம்01-ல் நம்பர். அப்புறம் கண்ணுக்குத் தெரியாமல் லிங்க்டெர்ம் என்று ஒன்று, இந்தச் சின்னம் எந்த டெர்மினலோடு சேர்ந்தது என்று சொல்லும் ஓர் அடையாள எண். ஷீட்டைக் காப்பி பண்ணும்போது இவை எல்லாம் சேர்ந்தே வருகின்றன. நீங்கள் திரையில் பார்த்து மாற்றுவது நம்பரை மட்டும், லிங்க்டெர்ம் பழையதாகவே இருக்கும். நம்பர் மாற்றியும் பிரச்சினை போகவில்லை, டெர்மினல் ஸ்ட்ரிப் எடிட்டரில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கே மோதுகிறது என்று பார்ப்பது

ஷீட் ஷீட்டாகத் திறந்து கண்ணால் தேடாதீர்கள். முதலில் ப்ராஜெக்ட் டேட்டாபேஸை ரீபில்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது நேற்றைய நிலவரமாக இருக்கலாம். அப்புறம் டெர்மினல் ஸ்ட்ரிப் எடிட்டரைத் திறங்கள், ஆனால் உள்ளே போகாதீர்கள். திறந்ததும் வருகிற பட்டியலே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதில் இன்ஸ்டலேஷன், லொகேஷன், ஸ்ட்ரிப் பெயர், எத்தனை டெர்மினல் என்று வரிசையாக இருக்கும். எக்ஸ்2-ல் 20 இருக்க வேண்டியது 38 காட்டினால், காப்பி செய்த ஷீட் முழுவதும் பழைய ஸ்ட்ரிப்புக்குள் விழுந்திருக்கிறது. எக்ஸ்2 என்றே இரண்டு வரி வந்து, ஒன்றில் லொகேஷன் காலியாக இருந்தால் அது வேறு வியாதி: யாரோ பாதி டெர்மினலுக்கு லொகேஷன் போடாமல் விட்டிருக்கிறார்கள். சாஃப்ட்வேருக்கு அவை இரண்டு தனி ஸ்ட்ரிப், பேனலில் ஒன்றுதான். அப்போது இரட்டை நம்பர் இருந்தாலும் எடிட்டர் அதைக் காட்டாது, ஏனென்றால் அதன் கணக்கில் அவை வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. எனக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிக பயம்.

அடுத்து ஸ்கீமேட்டிக் ரிப்போர்ட்டில் டெர்மினல் நம்பர்ஸ் என்ற ரிப்போர்ட்டை ப்ராஜெக்ட் முழுவதுக்கும் எடுத்து எக்செலுக்கு அனுப்புங்கள். ஸ்ட்ரிப் பெயர், நம்பர் என்ற வரிசையில் அடுக்கினால் இரட்டைகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் "ஒன்று" அல்லது "இரண்டு" என்று எழுதிக்கொண்டே போங்கள், மேலே சொன்ன கேள்விக்கான பதில். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நேராகத் திருத்தப் போனால் நடுவில் எதைத் திருத்தினோம், எதை விட்டோம் என்று மறந்துபோகும்.

எலக்ட்ரிக்கல் ஆடிட் என்ற பிழை தேடும் கட்டளையையும் ஒரு முறை ஓட்டுங்கள். இரட்டை காம்பொனென்ட் டேக், இரட்டை வயர் நம்பர் எல்லாம் அதில் வரும். டெர்மினல் மோதலோடு இவையும் கைகோத்துத்தான் வரும்.

திருத்தும் வரிசை

வரிசை முக்கியம். ஸ்ட்ரிப் பெயர் முதலில், இணைப்பு இரண்டாவது, நம்பர் மூன்றாவது. எல்லோரும் நம்பரில்தான் ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் இரண்டு தடவை வேலை. ஆரம்பிக்கும் முன் ப்ராஜெக்ட் ஃபோல்டரை முழுசாக ஒரு ஜிப் போட்டு வேறு இடத்தில் வையுங்கள். யுபிஎஸ் இல்லாமல் இந்த ஊரில் ப்ராஜெக்ட் முழுவதுக்குமான அப்டேட் எதையும் ஓட்டாதீர்கள், 2022, 2023-ல் லோட் ஷெடிங்கோடு (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஸ்ட்ரிப் பெயர்: காப்பி வந்த டெர்மினல்கள் பழைய ஸ்ட்ரிப்பிலேயே தொடர வேண்டுமா, புது ஸ்ட்ரிப்பா என்று முதலில் முடிவு செய்யுங்கள். என் கருத்து, வோல்ட்டேஜ் வேறு என்றால் ஸ்ட்ரிப்பும் வேறு, அதில் பேச்சே இல்லை. இங்கே ஆலைகளிலும் சுரங்கங்களிலும் 525 வோல்ட் மோட்டார் சகஜம், அதே பேனலில் 230 கன்ட்ரோலும் 24 டிசியும் இருக்கும். இப்போது நான் பவருக்கு எக்ஸ்1, 230-க்கு எக்ஸ்2, 24-க்கு எக்ஸ்3 என்று வைத்துவிட்டேன். அப்படி இருந்திருந்தால் அன்றைக்கு நம்பர் மோதியிருந்தாலும் அங்கிள் கையில் நீலமும் சிவப்பும் ஒரே ஓட்டைக்கு முன்னால் நின்றிருக்காது.

பெயரை மாற்ற ஒவ்வொரு சின்னமாக டபுள் கிளிக் செய்ய வேண்டாம். காப்பி ஷீட்டை மட்டும் திறந்து, மேலே உள்ள இம்போர்ட் எக்ஸ்போர்ட் என்ற டேப்பில் "டு ஸ்ப்ரெட்ஷீட்" கொடுத்து டெர்மினல்களை மட்டும் எடுங்கள். ஆக்டிவ் ட்ராயிங் என்று தேர்ந்தெடுத்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள், ப்ராஜெக்ட் முழுவதையும் எடுத்துவிட்டு ரீப்ளேஸ் ஆல் போட்டால் முதல் பம்ப்பின் பெயரும் சேர்ந்து போய்விடும். எக்செலில் ஸ்ட்ரிப் பெயரையும், காலியாக இருக்கும் லொகேஷனையும் நிரப்புங்கள். சின்னத்தின் ஹேண்டில் (அதன் உள் அடையாளம்), கோப்பின் பெயர் இருக்கும் நெடுவரிசைகளைத் தொடவே கூடாது, அவற்றை வைத்துத்தான் சாஃப்ட்வேர் திரும்ப எழுதும்போது ஆளை அடையாளம் காண்கிறது. இன்னொன்று, எக்செல் அதிகப்பிரசங்கி. 01 என்று இருந்தால் 1 ஆக்கும், 3-2 என்று இருந்தால் தேதி ஆக்கும். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு வேலை செய்யுங்கள். முடித்ததும் ஃப்ரம் ஸ்ப்ரெட்ஷீட் வழியாகத் திரும்ப உள்ளே கொண்டுவாருங்கள்.

இணைப்பு: காப்பி ஷீட்டில் உள்ள, "இரண்டு" என்று குறித்த டெர்மினல்களுக்கெல்லாம் பிரேக் அபார்ட் டெர்மினல் அசோசியேஷன்ஸ் கட்டளையைக் கொடுங்கள். லிங்க்டெர்ம் உறவு அறுந்துவிடும். "ஒன்று" என்று குறித்தவற்றை அசோசியேட் டெர்மினல்ஸ் கொண்டு சேருங்கள். டபுள் டெக் டெர்மினலில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் போங்கள்: காப்பி ஷீட்டில் உள்ள மேல் தளமும் கீழ் தளமும் தங்களுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், அசல் ஷீட்டோடு சேரக் கூடாது. அதனால் முதலில் எல்லாவற்றையும் அறுத்துவிட்டு அப்புறம் ஜோடி ஜோடியாகச் சேர்ப்பதுதான் எனக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி. ஜம்பர் (டெர்மினல்களை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்பு) விவரத்தையும் இந்த நேரத்தில் எடிட்டரில் பார்த்துவிடுங்கள். காப்பியோடு வந்த ஜம்பர் ஒன்று தெரியாமல் நின்றுவிட்டால், நம்பர் எல்லாம் சரியாகி, ஷார்ட் மட்டும் மிச்சம் இருக்கும்.

நம்பர்: இங்கே ஒரு பொறி இருக்கிறது. டெர்மினல் சின்னம் எல்லாம் ஒரே வகை இல்லை. சிலவற்றில் நம்பரை நாம் கொடுக்கிறோம், சிலவற்றில் வயர் நம்பரே டெர்மினல் நம்பர். இரண்டாவது வகையில் டெர்மினல் நம்பரை மாற்ற முயன்று பயனில்லை, வயர் நம்பரை மாற்றினால் அதுவே மாறும். மாறவில்லை என்றால் அந்த வயர் நம்பர் ஃபிக்ஸ்டு என்று பூட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். ஃபிக்ஸ்டு என்ற குறி காப்பியிலும் ஒட்டிக்கொண்டே வரும், ரீடேக் (டேகையும் நம்பரையும் மறுபடி போடும் கட்டளை) எத்தனை முறை ஓட்டினாலும் அசையாது. காம்பொனென்ட் டேக்குக்கும் இதே கதை. இன்னொரு விஷயம், டெர்மினலைத் தாண்டும்போது வயர் நம்பர் மாறுமா மாறாதா என்பதும் சின்னத்தின் பெயரிலேயே இருக்கிறது: எச்டி0, விடி0 (HT0, VT0) என்று தொடங்கினால் மாறாது, எச்டி1, விடி1 (HT1, VT1) என்றால் மாறும். தப்பான வகையைக் காப்பி செய்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

நம்பரை நாமே கொடுக்கும் வகை என்றால் டெர்மினல் ஸ்ட்ரிப் எடிட்டருக்குள் போய், காப்பி வந்த டெர்மினல்களை மட்டும் தேர்ந்தெடுத்து ரீநம்பர் கொடுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும். 19-ல் முதல் பம்ப் முடிந்தால் நான் 20-ல் தொடங்க மாட்டேன், 31-ல் தொடங்குவேன், நாளைக்கு முதல் பம்ப்புக்கு ஒரு ஃப்ளோ சுவிட்ச் சேர்ந்தால் இடம் வேண்டுமே. அசல் ஷீட்டின் நம்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அதன் மார்க்கர் (டெர்மினலில் மாட்டும் நம்பர் சீட்டு) ஏற்கெனவே அச்சாகியிருக்கலாம், கேபிள் சைட்டில் இழுத்திருக்கலாம். காப்பிதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. காப்பி ஷீட்டில் சோர்ஸ், டெஸ்டினேஷன் அம்புகள் (ஒரு வயர் வேறு இடத்தில் தொடர்வதைக் காட்டுபவை) இருந்தால் அவற்றின் சிக்னல் பெயரும் (சிக்னல் கோட், code) பழையதுதான். ஒரே சிக்னலுக்கு இரண்டு சோர்ஸ் என்று ஆகிவிடும், வயர் நம்பர் தப்பான ஷீட்டுக்குத் தாவும், அதைப் பின்தொடர்ந்து டெர்மினல் நம்பரும் போகும். டெர்மினலில் தேடிக்கொண்டிருப்பீர்கள், வியாதி அம்பில் இருக்கும். அதோடு, ட்ராயிங் ப்ராப்பர்ட்டீஸில் ஷீட் நம்பரையும், ரிவைஸ் லேடரில் லேடரின் (சர்க்யூட் வரையும் ஏணி அமைப்பு) தொடக்க ரெஃபரன்ஸ் நம்பரையும் பாருங்கள். விண்டோஸில் கோப்பைக் காப்பி செய்து, பெயர் மாற்றி, ப்ராஜெக்ட்டில் சேர்த்தவர்களுக்கு இவை இரண்டும் பழையதாகவே இருக்கும், ஏனென்றால் அவை கோப்பின் பெயரில் இல்லை, ட்ராயிங்குக்குள் பிளாக்குகளில் இருக்கின்றன. ரெஃபரன்ஸை வைத்து டேக் போடுகிற ப்ராஜெக்ட் என்றால் ரீடேக் செய்தாலும் அதே டேக்தான் திரும்ப வரும்.

பேனல் லேஅவுட்டில் டெர்மினல் ஸ்ட்ரிப்பை ஏற்கெனவே போட்டிருந்தால் அது தானாக மாறாது. எடிட்டரின் லேஅவுட் ப்ரிவ்யூவுக்குப் போய் ரீபில்ட் கொடுங்கள். இதை மறந்துவிட்டு, ஸ்கீமேட்டிக்கில் 31, லேஅவுட்டில் 7 என்று இரண்டு உண்மைகளைக் கடைக்கு அனுப்பினவர்களை எனக்குத் தெரியும். ஒருவரை நன்றாகவே தெரியும்.

ஈபிளானில்

அங்கே வேலை கொஞ்சம் சுலபம், ஆனால் காப்பி செய்யும் அந்த நொடியில் கவனம் வேண்டும். பக்கத்தை ஒட்டும்போது ஸ்ட்ரக்சரை மாற்றும் ஜன்னல் வரும், அதில் சமம் குறிக்குப் பின்னால் வரும் ஃபங்ஷனையோ கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் லொகேஷனையோ மாற்றிவிட்டால் முழுப் பெயரே வேறாகிவிடும், எக்ஸ்2:7 இரண்டு முறை இருந்தாலும் மோதாது. ஆனால் எங்கள் கதை போல ஒரே பேனல், ஒரே ஸ்ட்ரிப் என்றால் அது உதவாது, நம்பர்தான் மாற வேண்டும். அப்புறம் ஸ்ட்ரிப் டெஃபனிஷன், அதாவது ஸ்ட்ரிப்பின் விவரம் சொல்லும் பதிவு. ஒரு ஸ்ட்ரிப்புக்கு அது ஒன்றுதான் இருக்க வேண்டும். பக்கத்தோடு அதுவும் காப்பி ஆகியிருந்தால் இரண்டாவதை அழித்துவிடுங்கள். ஒரே டெர்மினலை வேண்டுமென்றே இரண்டு இடத்தில் காட்டுகிறீர்கள் என்றால், ஒன்றில் மட்டும் மெயின் டெர்மினல் என்ற டிக் இருக்கட்டும். எல்லாம் முடிந்ததும் செக் ரன் ஓட்டி மெசேஜ் பட்டியலைப் பாருங்கள். நம்பர் வரிசை சரியாக இருந்தும் டெர்மினல் டயகிராமில் முன்னுக்குப்பின் வந்தால் அது சார்ட்டிங், ஸ்ட்ரிப் எடிட்டில் போய் வரிசைப்படுத்தினால் சரியாகிவிடும்.

மார்க்கர் அச்சிடும் முன்

டேட்டாபேஸை மறுபடி ரீபில்ட் செய்து, அதே டெர்மினல் நம்பர்ஸ் ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். முதலில் எடுத்த எக்செலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: "ஒன்று" என்று குறித்தவை மட்டும்தான் இன்னும் இரட்டையாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு டெர்மினல் பிளானைப் பேப்பரில் எடுத்து வயரிங் செய்கிறவரிடம் கொடுங்கள், பிடிஎஃப் வேண்டாம். எங்கள் கடையில் இப்போது அங்கிள் அந்தப் பேப்பரை கிளிப் போர்டில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் இடது பக்கம் வோல்ட்டேஜைப் பென்சிலில் எழுதுகிறார், அடுத்தடுத்த வரியில் வோல்ட்டேஜ் மாறினால் ஒரு கோடு போடுகிறார். போன வாரம் ஒரு வரியில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். பார்த்தால் ஸ்பேர் டெர்மினலில் பழைய ஜம்பர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பென்சில் குறி இல்லாமல் மார்க்கர் பிரின்டரை இப்போது நான் ஆன் பண்ணுவதில்லை.